வயதான வீட்டுக்கோழி நொண்டினால்: மூட்டுவலிக்கும் தீவனத்துக்கும் ஒரு வழிகாட்டி

முட்டைப் பண்ணைகளில் ஒரு கோழியின் காலம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. முட்டை குறையத் தொடங்கியதும் மொத்தத்தையும் கழித்துவிட்டு இளங்கோழிகளை விடுகிறார்கள். தீவன மூட்டைகளும் கொட்டகை அளவுகளும் வளர்ப்புக் குறிப்புகளும் பெரும்பாலும் அந்த இரண்டு வயதுக் கணக்கை ஒட்டி உருவானவை. வீட்டில் வளர்ப்பவர்களின் கோழியோ ஐந்து, ஆறு, எட்டு வயது வரை இருக்கும். பத்தைத் தாண்டுவதும் உண்டு. அந்தப் பிற்பாதிக்கு என்ன போடுவது, எவ்வளவு உயரத்தில் தூங்க வைப்பது என்று எந்த மூட்டையிலும் அச்சிட்டிருக்காது.

அதனால் வயதான கோழி நொண்டத் தொடங்கியதும் பலர் "வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். மற்றவர்கள் நேராக மருந்து தேடுகிறார்கள். இரண்டுமே அவசரம். வலி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அது குதிக்கும் உயரத்தைக் குறைத்து, தின்னும் தீவனத்தை மாற்றினாலே பல கோழிகள் மீண்டும் நன்றாக நடமாடும். மருந்து அதற்குப் பிறகுதான்.

எலும்பு ஏன் தேய்கிறது

ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. கோழியின் எலும்புக்கூடு முழுவதிலும் இருப்பதே ஏறத்தாழ 20 கிராம்தான். ஒவ்வொரு முட்டைக்கும் தன் எலும்பிலுள்ள கையிருப்பில் பத்தில் ஒரு பங்குக்கு ஈடான அளவை அது ஓட்டுக்குள் வைத்து அனுப்புகிறது என்றால் அந்த உடலின் உழைப்பு புரியும். முட்டையிடும் பறவைகளின் நீண்ட எலும்புகளுக்குள் இதற்கென்றே ஒரு தற்காலிக எலும்பு வளர்கிறது. ஓடு உருவாகும்போது அதிலிருந்து கால்சியம் எடுக்கப்படும். தீவனத்திலிருந்து மறுபடி நிரப்பப்படும். ஆனால் தொடர்ந்து முட்டையிடும் காலத்தில் உடலைத் தாங்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, அது அதே வேகத்தில் திரும்பக் கட்டப்படுவதில்லை. ஆண்டு முழுவதும் முட்டையிடும்படி உருவாக்கப்பட்ட கலப்பினக் கோழிகளில் இந்தத் தேய்மானம் அதிகம். மெல்லிய எலும்பு, அதன்மேல் ஆண்டுக்கணக்கான குதித்து இறங்குதல், கூடுதல் எடை: மூட்டுத் தேய்மானம் இந்த மூன்றிலிருந்தும் வருகிறது.

முதல் வேலை: நடையைப் பாருங்கள்

இரையாகும் பறவை என்பதால் கோழி வலியை மறைக்கும். நீங்கள் அருகில் போனாலே நிமிர்ந்து நடந்து காட்டிவிடும். எனவே காலையில் கதவைத் திறந்ததும் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். கடைசியாக இறங்குவது எது? இறங்கியதும் உட்கார்ந்துகொள்வது எது? ஒரு காலைத் தூக்கியே வைத்திருக்கிறதா, இறக்கையை விரித்துச் சமநிலை தேடுகிறதா, கம்பில் ஏறாமல் தரையிலேயே தூங்குகிறதா? மற்றவை கிளறிக்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் உட்கார்ந்தபடி கொத்துகிறதென்றால் அது சோம்பல் இல்லை. கோழிக்குச் சோம்பல் கிடையாது.

நொண்டல் எப்படி வந்தது என்பதும் முக்கியம். விடிந்ததும் விறைப்பாக இருந்து, சிறிது நடந்த பிறகு தளர்ந்தால் மூட்டுத் தேய்மானமாக இருக்க வாய்ப்பு அதிகம். நேற்று மாலை நன்றாக இருந்த கோழி இன்று விடிந்ததும் ஒரு காலை ஊன்றவே இல்லை என்றால் அடி, சுளுக்கு அல்லது முறிவைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது: கையில் எடுத்துத் தடவிப் பாருங்கள்

இருட்டும் நேரத்தில் எடுத்தால் கோழி அமைதியாக இருக்கும். கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு வரும். ஆகவே மார்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறக்கைகளை உடலோடு சேர்த்து, கைக்கும் விலாவுக்கும் நடுவே தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடிப்பாதத்திலிருந்து தொடங்குங்கள். நடுவில் கருத்த பொருக்கும் சுற்றிலும் வீக்கமும் இருந்தால் அது பம்பிள்ஃபுட் என்னும் பாதச் சீழ்க்கட்டி. சிறு கீறல் வழியாக, பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி நுழைவதால் வருவது. கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் செதில்களுக்கு அடியில் சிற்றுண்ணி குடியேறியிருக்கிறது. முற்றினால் விரல்கூட மடங்காது. விரல் மூட்டுகளிலோ கணுக்கால் மூட்டிலோ வெளிர் நிறத்தில் கட்டி கட்டியாகத் தெரிந்தால் அது யூரிக் அமிலப் படிவாக, அதாவது கவுட்டாக, இருக்கலாம். இதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பிறகு இரண்டு கால்களையும் ஒப்பிடுங்கள். ஒரு கணுக்கால் மூட்டு மட்டும் சூடாகவும் கொழகொழவென்று வீங்கியும் இருந்தால் தொற்று இருக்கலாம். மைக்கோப்ளாஸ்மா சைனோவியே என்னும் கிருமி மூட்டுறைகளையும் பாதத்தையும் தாக்கும். ஒரே நேரத்தில் பல கோழிகள் நொண்டும். சூடில்லாமல், தடித்து, மடக்கும்போது தயங்கும் மூட்டு தேய்மானத்தின் அடையாளம். மூட்டை வலிந்து மடக்கிப் பார்க்க வேண்டாம். அது தானாக விடும் அளவுக்கு மட்டும் போதும்.

அடுத்து வயிற்றைத் தொடுங்கள். இந்த இடத்தைத்தான் புதியவர்கள் தவறாமல் தவறவிடுகிறார்கள். மூட்டுவலி என்று கொண்டுவரப்படும் வயதான பெட்டைகளில் பலவற்றுக்குக் காலில் ஒன்றுமே இருக்காது. பிரச்சினை முட்டைப் பாதையில் இருக்கும். ஆசனவாய்க்கும் மார்பெலும்பின் முனைக்கும் இடைப்பட்ட பகுதி தண்ணீர்ப் பை போல ததும்பினாலோ கல்லாக இறுகியிருந்தாலோ கோழி கால்களை அகட்டி, உடலை நிமிர்த்தி, வாத்துபோல நடக்கும். உள்ளே நீர் கோத்திருக்கலாம், முட்டை சிக்கியிருக்கலாம், கருமுட்டைப் பையில் கட்டி வளர்ந்து காலுக்குப் போகும் நரம்பை அழுத்தலாம். வயதான முட்டைக்கோழிகளுக்கு அத்தகைய கட்டிகள் அரிதானவை அல்ல. இதற்குக் கம்பின் உயரத்தைக் குறைத்துப் பயனில்லை, மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் நீண்டு வாதம் வந்ததுபோல் கிடந்தால், நரம்புகளைத் தாக்கும் வைரஸ் நோயான மேரெக்ஸ் நினைவுக்கு வரும். ஆனால் அது பெரும்பாலும் ஓராண்டுக்குள்ளான கோழிகளைத் தாக்குவது. வயதான கோழியில் முதலில் மற்ற காரணங்களைத் தேடுங்கள்.

இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்: நிற்கவே முடியாமை, தொங்கும் கால், சூடான வீங்கிய மூட்டு, ஒரு நாள் முழுக்கத் தின்னாமை, வாலைத் தாழ்த்தி முக்கிக்கொண்டே இருத்தல், ஒரே வாரத்தில் இரண்டு மூன்று கோழிகள் நொண்டுதல்.

மூன்றாவது: உயரத்தைக் குறையுங்கள்

செலவு குறைந்த, பலன் மிகுந்த மாற்றம் இது. கோழிக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. கனத்த உடலோடு உயரத்திலிருந்து குதிக்கும்போது பாதத்திலும் கணுக்காலிலும் இறங்கும் வேகம், சில சமயம் மார்பெலும்பையே விரிசல்விடச் செய்கிறது. முட்டைக்கோழிகளில் மார்பெலும்பு முறிவு மிகப் பரவலானது. தடவிப் பார்த்தால் வளைவாகவோ முடிச்சாகவோ கைக்குத் தட்டுப்படும்.

தூங்கும் கம்பைத் தரையிலிருந்து 30 செ.மீ. அளவுக்கு இறக்குங்கள். நொண்டல் அதிகமென்றால் 15 செ.மீ. போதும். எல்லாக் கம்புகளும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஒன்று உயரமாக இருந்தால் எல்லாம் அதற்குத்தான் சண்டையிடும், தோற்ற கிழவி கீழே விழும். கம்பின் அகலம் 4 முதல் 5 செ.மீ., விளிம்புகள் உருட்டப்பட்டு வழவழப்பாக இருக்க வேண்டும். குறுகிய கம்பு விரலை இறுக்கமாக மூடச் செய்து பாதத்தின் ஒரே புள்ளியில் எடையைச் சேர்க்கும். பிளாஸ்டிக் குழாயும் இரும்புக் குழாயும் வழுக்கும். குளிரில் இரும்பு சில்லிடும்.

ஏறி இறங்கச் சாய்வுப் பலகை வையுங்கள். செங்குத்தாக வைத்தால் அது ஏணி, கோழி அதை மதிக்காது. 30 டிகிரிக்கு மேல் போகாமல், குறுக்குச் சட்டங்கள் அடித்து, அகலமாக இருந்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். முதல் சில மாலைகளில் நீங்களே கையில் எடுத்துப் பலகையின் அடியில் விட்டு, மேலே கொஞ்சம் தானியம் காட்டினால் போதும்.

முட்டைப் பெட்டியின் முன்விளிம்பைத் தாழ்த்துங்கள். கொட்டகைத் தரையில் மரச்சீவலோ நறுக்கிய வைக்கோலோ 10 செ.மீ. கனத்துக்கு இருக்கட்டும், எப்போதும் காய்ந்திருக்கட்டும். ஈரமான படுக்கை, பாதச் சீழ்க்கட்டியையும் விறைப்பையும் ஒருசேர வரவேற்கும்.

நான்காவது: தீவனம்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4.5 சதவிகிதம் வரை கால்சியம் சேர்க்கப்படுகிறது. நாள்தோறும் ஓடு செய்யும் கோழிக்கு அது சரியான அளவு. முட்டையிடாத கோழிக்கு ஏறத்தாழ 1 சதவிகிதமே போதும். வயதான பெட்டை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ முட்டையிடும், மாதக்கணக்கில் இடாமலும் இருக்கும். அப்போதும் நாம் அதே தீவனத்தைத்தான் கொட்டுகிறோம். ஓட்டுக்குப் போகாத கால்சியம் சிறுநீரகத்தின் வழியாக வெளியேற வேண்டும். ஆண்டுக்கணக்கில் அந்தச் சுமை தொடர்ந்தால் சிறுநீரகம் கெடும், அதற்குள் கற்கள் படியும்.

சிறுநீரகம் கெட்டால் மூட்டுக்கு என்ன? பறவைகள் உடலின் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன; எச்சத்தில் தெரியும் வெள்ளைப் பகுதி அதுதான். சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் தேங்கி, மூட்டுகளில் படிகமாகப் படியும். உள்ளுறுப்புகளின் மேல் வெண்சுண்ணம் பூசியதுபோலப் படிந்தால் கோழி எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இறந்துபோகும். எலும்புக்கு நல்லது என்று அள்ளிப் போட்ட கால்சியமே மூட்டுவலியாகத் திரும்பும் வழி இது.

தீர்வு எளிது. எல்லாக் கோழிகளுக்கும் கால்சியம் குறைந்த, 15 முதல் 16 சதவிகிதம் புரதமுள்ள தீவனத்தை அடிப்படையாக வையுங்கள். வளர்கோழித் தீவனமோ எல்லா வயதுக்குமான பொதுத் தீவனமோ இதற்குப் பொருந்தும். தனிக் கிண்ணத்தில் உடைத்த சிப்பி ஓட்டை வையுங்கள். முட்டையிடும் கோழிக்குக் கால்சியப் பசி உண்டு. அது தேடிவந்து தின்னும், இடாதது பெரும்பாலும் தொடாது. சிப்பி ஓட்டைத் தீவனத்தில் கலக்கவே கூடாது. கலந்தால் இந்தத் தேர்வே இல்லாமல் போய்விடும். தூளைவிடப் பருவெட்டான துண்டுகள் நல்லது. ஓடு பெரும்பாலும் இரவில், கோழி தின்னாத நேரத்தில்தான் உருவாகிறது. பெரிய துண்டுகள் அரவைப்பையில் தங்கி மெதுவாகக் கரைந்து அந்த நேரத்துக்கு உதவும். மாலையில் கிண்ணம் நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

வளர்கோழித் தீவனம் வாங்கும்போது மூட்டையின் அட்டையைப் படியுங்கள். சிலவற்றில் இரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கும். முட்டையை நீங்கள் உண்பதாக இருந்தால் மருந்து கலக்காததே வேண்டும். தீவனத்தை ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் முதல் பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள்.

கவுட் என்ற சொல்லைக் கேட்டதும் புரதத்தை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கும் கோழிக்கு 16 சதவிகிதப் புரதம் எந்தத் தீங்கும் செய்யாது. குறைத்தால் தசை வற்றும், மூட்டுக்குத் தாங்கல் போகும். ஆண்டுக்கொருமுறை இறகு உதிர்க்கும் காலத்தில் தேவை இன்னும் கூடும், ஏனெனில் இறகு பெரும்பகுதி புரதம்தான். அந்த வாரங்களில் கொஞ்சம் வேகவைத்த முட்டையோ காய்ந்த புழுவோ கொடுக்கலாம். மருத்துவர் கவுட் என்று உறுதிசெய்த கோழிக்கு மட்டும் கணக்கு வேறு. அதன் புரத அளவை அவரே சொல்லட்டும்.

தண்ணீர் தீவனத்தைவிட முக்கியம். நடுத்தர உடலுள்ள ஒரு கோழி சாதாரண வெப்பத்தில் நாளுக்கு 200 முதல் 250 மி.லி. குடிக்கும், கடும் வெயிலில் அதுவே இரட்டிப்பாகலாம். நொண்டும் கோழி தண்ணீருக்கு எழுந்து போகாது, தாகத்தோடு உட்கார்ந்திருக்கும். யூரிக் அமிலத்தை வெளியேற்ற நீர் வேண்டும். நீர் குறைந்தால் சிறுநீரகம் மேலும் தளரும், மூட்டு மேலும் வலிக்கும், நடமாட்டம் மேலும் குறையும். இந்தச் சுழலை உடைக்க வேண்டியது நீங்கள்தான். நிழலில், அது வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு கிண்ணம், தூங்குமிடத்தருகே ஒன்று. கழுத்தை அதிகம் குனியாமலும் எட்டாமலும், ஏறத்தாழ முதுகின் உயரத்தில் இருக்கட்டும். உட்கார்ந்தபடியே இருப்பதற்கு அதற்கேற்பத் தாழ்வாக.

வைட்டமின்களில் இரண்டைக் கவனியுங்கள். வைட்டமின் ஏ குறைந்தால் சிறுநீரகக் குழாய்களின் உட்சுவர் கெடும். பச்சிலைகள், கேரட், பூசணி அதற்கு உதவும். கால்சியம் உடலில் சேர வைட்டமின் டி3 வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். நொண்டும் கோழியை இருட்டான மூலையில் அடைத்து வைப்பது இந்த வகையிலும் தவறு. பசலை, பீட் இலை போன்றவற்றிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும். எப்போதாவது கொடுக்கலாம், தினமும் வேண்டாம். தீவனத்தின் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். பழைய மூட்டையில் வைட்டமின்கள் முதலில் போய்விடும், பூஞ்சை பிடித்தால் அதன் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். பூஞ்சை வாசனை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்; மேலாக அள்ளிவிட்டு மீதியைப் போடும் சிக்கனம் வேண்டாம்.

எடை

வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். தராசைவிட விரல் இன்னும் உண்மை சொல்லும். மார்பெலும்பின் இருபுறமும் தடவுங்கள். எலும்பு கத்தி விளிம்புபோல் நின்றால் மெலிவு. எலும்பே தட்டுப்படாமல் சதை மேடிட்டிருந்தால் மிகுகொழுப்பு. எலும்பின் விளிம்பு தெரிய, இருபுறமும் சதை நிறைந்திருப்பதுதான் சரி. எடை ஒரு மாதத்துக்குள் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூட்டைத் தாண்டி ஏதோ நடக்கிறது.

நடமாட்டம் குறைந்த கோழிக்குக் கொழுப்பு விரைவில் சேரும். கூடுதல் எடை மூட்டை மட்டும் தாக்குவதில்லை. கல்லீரலில் கொழுப்பு ஏறி, அது கிழிந்து, உள்ளே இரத்தம் கசிந்து, வெளுத்த கொண்டையோடு திடீரென்று இறந்து கிடப்பது கொழுத்த முட்டைக்கோழிகளில் காணப்படும் முடிவு. நடுத்தர உடலுள்ள கோழிக்கு நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் போதும்; குள்ள இனத்துக்கு ஏறத்தாழ அதில் பாதி. தின்பண்டமும் தானியமும் சேர்ந்து மொத்தத்தில் பத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. அதாவது பத்துப் பன்னிரண்டு கிராம், உள்ளங்கையின் நடுக்குழிக்குள் அடங்கும் அளவு. வீட்டில் ஒவ்வொருவரும் பாசத்தோடு தனித்தனியாக ஒரு கைப்பிடி போடுவதை யாராவது ஒருவர் கணக்கெடுக்க வேண்டும். தானியத்தைக் கிண்ணத்தில் வைக்காமல் இலைச்சருகில் தூவினால் கிளறி நடந்து தின்னும்; மூட்டுக்கு வேண்டிய அசைவும் அதிலேயே கிடைத்துவிடும்.

எடையைக் குறைக்கத் தீவனத்தையே பாதியாக்குவது ஆபத்து. பசியில் இருக்கும் கிழக்கோழி கொத்தப்பட்டு இன்னும் மெலியும். தின்பண்டத்தை நிறுத்துங்கள், பச்சிலையைக் கூட்டுங்கள், எடை மெல்ல இறங்கட்டும். மெலிந்த கோழிக்கோ நேர்மாறு: தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் குழைத்து, மற்றவை நெருங்காத இடத்தில் தனியாகக் கொடுங்கள். குழைத்த தீவனம் வெயிலில் விரைவில் புளித்துக் கெடும். அரைமணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

துணைச்சத்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒமேகா-3 மிகுந்த ஆளிவிதை சேர்த்த தீவனம் மார்பெலும்பு முறிவைக் குறைத்ததாக முட்டைக்கோழிகளில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. சிறிதளவு சேர்க்கலாம், அதிகம் போட்டால் வளர்ச்சியைக் கெடுக்கும் பொருள்களும் அதில் உண்டு. மஞ்சள், குளுக்கோசமைன், பழக்காடி எல்லாம் மூட்டைச் சரிசெய்யும் என்று சொல்லப்படுகிறது. கோழி மூட்டில் அவை என்ன செய்கின்றன என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லாதபோது நான் அவற்றுக்குப் பணம் செலவிட மாட்டேன். அந்தப் பணத்தில் நல்ல தராசு ஒன்று வாங்கலாம்.

அன்றாடக் கவனிப்பு

அடிபட்ட கோழிக்கும் தேய்ந்த மூட்டுள்ள கோழிக்கும் ஒரே ஓய்வு பொருந்தாது. சுளுக்கு என்றால் ஒன்று முதல் இரண்டு வாரம் சிறிய கூண்டில், கம்பில்லாமல், மெத்தென்ற படுக்கையில் வைத்திருங்கள். கூண்டு மற்ற கோழிகளின் கண்பார்வையில் இருக்கட்டும். பார்வையிலிருந்து மறைந்த கோழி திரும்பிவரும்போது அந்நியமாகிவிடும், மற்றவை அதைக் கொத்தி விரட்டும். தேய்மானம் என்றால் அடைக்காதீர்கள். மெதுவாக நடக்கும் மூட்டுதான் இயங்கும்.

கொத்துதலைத் தனியாகக் கவனியுங்கள். கோழிக்கூட்டத்தில் முதுமைக்கு மரியாதை கிடையாது. நேற்றுவரை தலைமையில் இருந்தது நொண்டத் தொடங்கியதும் கடைசிக்குத் தள்ளப்படும். தீவனமும் தண்ணீரும் இரண்டு மூன்று இடங்களில் இருந்தால் ஒன்றே எல்லாவற்றையும் காவல்காக்க முடியாது. சேவல் இருந்தால் வலியுள்ள பெட்டையை அதனிடமிருந்து பிரித்துவையுங்கள். ஏறி மிதிக்கும் எடையை அந்தக் கால்கள் தாங்காது.

உட்கார்ந்தே இருக்கும் கோழியின் பின்புறத்தில் எச்சம் ஒட்டும். வெப்பமான நாள்களில் அதில் ஈ முட்டையிட்டு, ஒரு நாளுக்குள் புழு வைக்கலாம், உயிரோடே தின்றுவிடும். தினமும் பின்புறத்தைப் பாருங்கள். அழுக்கிருந்தால் வெதுவெதுப்பான நீரில் கழுவி முழுவதும் துடைத்துக் காயவையுங்கள், சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரியுங்கள். மார்பெலும்பின் மேல் தோல் தேய்ந்து கொப்புளமாகிறதா என்றும் அப்போதே தடவிவிடுங்கள்.

மண்குளியல் போட முடியாத கோழிக்குப் பேனும் உண்ணியும் பெருகும். தாழ்வான விளிம்புள்ள தட்டில் காய்ந்த மண்ணை வைத்துப் பக்கத்தில் விடுங்கள். கிளறாத காலில் நகம் நீளும், நீண்ட நகம் விரலைத் திருகி நடையைக் கெடுக்கும். நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். உள்ளே இரத்தக்குழாய் இருக்கிறது. கசிந்தால் சோளமாவை அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

பாதத்தில் சிறிய, மேலோட்டமான பொருக்கு மட்டும் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பைக் கரைத்து 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, துடைத்து, கிருமிநாசினி தடவி, துணிக்கட்டுப் போட்டு நாள்தோறும் மாற்றலாம். வீக்கம் ஆழமாக இருந்தாலும் விரல்களுக்கிடையே பரவியிருந்தாலும் கத்தியை நீங்கள் எடுக்காதீர்கள். எல்லா நிலையிலும் கையுறை போடுங்கள், கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமி மனிதத் தோலிலும் வேலை செய்யும். செதில்கால் உண்ணிக்குப் பெட்ரோலிய ஜெல்லியைக் கால் முழுக்கத் தடிமனாகத் தடவி, சில நாளுக்கொருமுறை திரும்பப் பூசினால் உண்ணி மூச்சடைத்துச் சாகும். மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் தோலைப் பொசுக்கும், அதை விட்டுவிடுங்கள்.

வலிமருந்து

வீட்டிலிருக்கும் மனித வலிமாத்திரையைக் கோழிக்குக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் என்ன செய்யும் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகுகளே சாட்சி: அந்த மருந்து ஏறிய கால்நடைகளின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்து தெற்காசியா முழுவதும் மடிந்தன. மாட்டுக்கு மருந்தாக இருந்தது பறவைக்கு நஞ்சானது.

கோழிகளுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் மெலாக்சிகாம் எழுதித் தருகிறார்கள். அதுவும் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கக்கூடிய மருந்துதான். எனவே கோழி நன்றாகத் தண்ணீர் குடிக்கிறதா, எச்சத்தில் வெள்ளை அளவுக்கு மீறி இருக்கிறதா என்பதை அவரிடம் சொல்லுங்கள். எடையைக் கிராமில் சொல்லுங்கள், அளவு அதைப் பொறுத்தது. முட்டையை எத்தனை நாள் உண்ணக்கூடாது என்பதையும் கேளுங்கள். நீங்கள் செல்லமாக வளர்த்தாலும் பல நாடுகளின் சட்டத்தில் கோழி உணவுக்கான விலங்குதான். மருந்து விதிகளும் அப்படியே பொருந்தும். மருத்துவரைக் கேட்காமல் ஸ்டீராய்டு எதையும் தொடாதீர்கள்; பறவைகளின் நோயெதிர்ப்பை அது வேகமாகக் குலைக்கும்.

மருந்து வேலை செய்கிறதா என்பதை எப்படி அறிவது? மருந்துக்கு முன்பும் ஐந்தாறு நாள் கழித்தும் ஒரே இடத்தில் அது நடப்பதைக் காணொளியாக எடுத்து ஒப்பிடுங்கள். நினைவு நமக்கு வேண்டியதைத்தான் சொல்லும்.

எப்போது நிறுத்துவது

தானாகத் தின்கிறதா, தண்ணீருக்கு எட்டுகிறதா, இறகைக் கோதுகிறதா, வெயிலில் இறக்கை விரித்துப் படுக்கிறதா, நாளின் பெரும்பகுதி நிற்கிறதா அல்லது கிடக்கிறதா? நாட்குறிப்பில் இவற்றுக்கு ஆம், இல்லை என்று மட்டும் எழுதுங்கள். மருந்தும் மாற்றங்களும் செய்த பிறகும் "இல்லை" என்ற நாள்களே மிகுந்தால், கருணைக்கொலையைப் பற்றி மருத்துவரிடம் பேசும் நேரம் வந்துவிட்டது. அதை நீங்களே செய்ய முயலாதீர்கள். கோழி தானாக ஒரு நாள் இறந்துவிடும் என்று காத்திருப்பது பலருக்கு எளிதாகத் தோன்றும். பசியிலும் தாகத்திலும் அது கழிக்கும் வாரங்களைக் கணக்கில் வைத்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இறந்தால், மற்றக் கோழிகள் இருக்கும் வீட்டில் உடற்கூறாய்வு செய்துகொள்வது நல்லது. உடலைப் பையிலிட்டுக் குளிர்பதனப் பெட்டியில், உணவிலிருந்து தனியே வையுங்கள். உறைய விடாதீர்கள், உறைந்தால் திசுக்கள் சிதையும். ஒரு நாளுக்குள் கால்நடை நோய் ஆய்வகத்தில் சேர்த்து, என்ன தீவனம், எவ்வளவு காலம், என்ன மருந்து என்ற விவரத்தையும் எழுதிக்கொடுங்கள். சிறுநீரகம் கெட்டிருந்ததா, மூட்டில் கிருமி இருந்ததா, கட்டியா என்பது தெரிந்தால் அன்று மாலையே மீதிக் கோழிகளின் கிண்ணத்தில் எதை மாற்றுவது என்று முடிவெடுக்கலாம்.